வைரஸ் செல்லுக்குள் நுழைவது எப்படி? வரைந்தே பார்த்துவிடலாம்

வைரஸுக்குக் கை, கால் கிடையாது. சொந்தமாக ஆற்றல் தயாரிக்கவும் தெரியாது. அப்படியிருந்தும் நம் செல்லுக்குள் போய்விடுகிறது. இதைப் பலமுறை படித்தும் எனக்கு மனதில் நிற்கவில்லை. பென்சிலை எடுத்து வரைந்த அன்றுதான் பிடிபட்டது. எடுத்துக்காட்டுக்கு ஃப்ளூ வைரஸையே வரைவோம். ஒரு காகிதமும் இரண்டு நிறப் பென்சில்களும் போதும்.

படி 1: அளவு

1 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதுதான் வைரஸ், நிஜத்தில் சுமார் 100 நானோமீட்டர். இப்போது பக்கத்தில் செல். 15 மைக்ரோமீட்டர் செல்லை இதே கணக்கில் வரைந்தால் ஒன்றரை மீட்டர் அகலம் வரும்! (முதல் தடவை நான் இரண்டையும் ஒரே அளவில் வரைந்து வைத்திருந்தேன்.) அதனால் வட்டத்துக்குக் கீழே ஒரு கோடு மட்டும் இழுங்கள். அது செல் சவ்வின் ஒரு சிறு துண்டு.

படி 2: முட்கள்

வட்டத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளத்தில் நெருக்கமாக முட்கள் வையுங்கள். பெரும்பாலானவை ஹீமக்ளூட்டினின் என்ற புரதம். நடுநடுவே வேறு நிறத்தில் சில: அவை நியூராமினிடேஸ்.

படி 3: ஒட்டுதல்

செல் சவ்வின் மேல் புல் முளைத்த மாதிரி சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புள்ளி வையுங்கள். அது சியாலிக் அமிலம். ஹீமக்ளூட்டினின் பிடிப்பது இதைத்தான். ஒற்றைப் பிடி ரொம்பப் பலவீனமானது, சட்டென்று விட்டுவிடும். ஆனால் பல முட்கள் ஒரே நேரத்தில் பிடித்தால், துணியில் ஏறிய ஒட்டுப்புல் கதைதான்.

சரி, நியூராமினிடேஸுக்கு என்ன வேலை? அது கத்தரிக்கோல். நம் சளியிலும் சியாலிக் அமிலம் ஏராளம். வெட்டத் தெரியாத வைரஸ் சளியிலேயே சிக்கிக்கொள்ளும். பிடிப்பதும் வெட்டுவதுமாகத்தான் அது செல்லின் மேல் நகர்ந்து போகிறது.

படி 4: விழுங்குதல்

வைரஸுக்குக் கீழே கோட்டைக் குழியாக வளையுங்கள். அடுத்த படத்தில் குழியின் வாய் மூடி, வைரஸைச் சுற்றி ஒரு பை. இதைச் செய்வது செல்தான். வெளியிலிருந்து சத்துகளை உள்ளே எடுக்க அது வழக்கமாகச் செய்யும் வேலை இது.

படி 5: அமிலம்

இங்கே கொஞ்சம் நிதானமாக வரையுங்கள். வைரஸ் உள்ளே வந்தாயிற்று, ஆனால் இன்னும் பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பை உள்நோக்கிப் போகப் போக செல் அதில் அமிலத்தை ஏற்றுகிறது. பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) 6-க்கு இறங்கி, பிறகு 5-ஐ நெருங்குகிறது. உள்ளே வந்ததைச் சிதைப்பதற்கான ஏற்பாடு அது. வைரஸோ அதையே தனக்கான சைகையாக எடுத்துக்கொள்கிறது.

மூன்று குட்டிப் படங்கள் போடுங்கள். ஒன்று: மடங்கியிருந்த ஹீமக்ளூட்டினின் ஸ்பிரிங் மாதிரி நீண்டு, பையின் சுவரில் குத்துகிறது. இரண்டு: அதே முள் நடுவில் மடிந்து, வைரஸின் சவ்வு உறையையும் பையின் சுவரையும் பக்கத்தில் இழுக்கிறது. மூன்று: இரண்டு சவ்வுகளும் கலந்து ஒரு துளை திறக்கிறது. அதற்குள் அமிலம் வைரஸின் உட்புறத்தையும் தளர்த்தியிருக்கும். அதன் மரபுப்பொருளான 8 ஆர்.என்.ஏ. துண்டுகளும் துளை வழியே வெளியேறி, செல்லின் உட்கருவை நோக்கிப் போகின்றன.

இந்த ஸ்பிரிங் ஒரு தடவைதான் வேலை செய்யும். பைக்குள் போகுமுன்பே அமிலம் பட்டுவிட்டால் அந்த முள் வீண்.

படி 6: இன்னொரு வழி

எல்லா வைரஸும் இதே பாதையில் வருவதில்லை. எச்.ஐ.வி. முதலில் செல்லின் மேலுள்ள சிடி4 என்ற புரதத்தைப் பிடிக்கும். அப்புறம் சிசிஆர்5 போன்ற இரண்டாவது பிடியும் வேண்டும். கோவிட் வைரஸ் பிடிப்பது செல்லின் மேலுள்ள ஏஸ்2 என்ற புரதத்தை. பக்கத்தில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருந்தால், அது வைரஸின் முள்ளை வெட்டித் தயார்செய்துவிடும். செல்லின் மேற்பரப்பிலேயே சவ்வுகள் கலந்துவிடும். அந்த நொதி இல்லாத செல்லில் பை வழியாகத்தான் போகவேண்டும்.

2020-இல் கோவிட்டுக்கு மருந்தாகக் குளோரோகுயின் பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது நினைவிருக்கிறதா? பையில் அமிலம் ஏறுவதைத் தடுக்கும் மருந்து அது. ஆய்வகத்தில் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் தடுத்தது. மனித நுரையீரல் செல்களில் தடுக்கவில்லை. இரண்டு செல்களையும் அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். குரங்குச் செல்லின் படத்தில் மட்டும்தான் ‘அமிலம்’ என்று எழுத ஒரு பை இருக்கும்.