நட்டது கண்டல், நின்றது பதாகை

ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம் வந்தால் மட்டக்களப்பு வாவிக்கரையில் குருக்கள், மௌலவி, பங்குத்தந்தை எல்லாரும் ஒன்றாக நின்று கண்டல் (அலையாத்தி) கன்று நடுவதைப் பார்க்கலாம். படம் நன்றாகத்தான் வரும். பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

ஜூனில் கச்சான் காற்று அடிக்கும், வாவி வற்றிக் கிடக்கும். அன்றைக்குத் தண்ணீர் தொடும் இடமே கரை என்று நம்பிக் கன்றை ஊன்றுகிறோம். மாரியில் வெள்ளம் இறங்கி, முகத்துவாரமும் மண்மூடிக் கிடந்தால் அதே இடம் ஆழத்தில் போய்விடும். வாரக்கணக்கில் முழுதாக மூழ்கிக் கிடந்தால் இளங்கன்று மூச்சடைத்துச் செத்துவிடும். தப்பியதை மாடு மிதிக்கும். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இடம் பிழை, நட்ட பின் பார்க்க ஆளில்லை என்பவைதான் முக்கிய காரணங்கள். மண்வெட்டி எடுக்குமுன் அந்தக் கரையில் வலை வீசுகிறவரைக் கேளுங்கள். "நடத் தேவல்ல, அங்கால தானா முளைச்சிருக்கு, மாடு போகாமப் பாருங்க" என்று அவர் சொன்னால், அதுவே உங்கள் திட்டம்.

சுனாமி என்றதும் இன்னொன்று. மேடையில் அதைக் காலநிலை மாற்றத்துக்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். 2004இல் வந்த அலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டால் பேச்சு முழுவதும் கவிழும்.

வெள்ளமும் வறட்சியும் நம் பாவத்துக்குக் கூலி என்று பிரசங்கிப்பது அதைவிட மோசம். வயல் அழிந்தவனையே குற்றவாளியாக்குகிறோம். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸின் சுற்றுமடலும், இஸ்தான்புலில் வெளியான இஸ்லாமியக் காலநிலைப் பிரகடனமும் வசதி படைத்த நாடுகளின் பொறுப்பை வலியுறுத்தின. வாகரை மீனவர் எவ்வளவு புகை விட்டிருப்பார்?

அடுத்தது நம் அடுப்படி. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லன்ச் சீட் 2017 செப்டம்பரிலிருந்து தடை. ஆனாலும் சடங்கு அன்னதானத்திலும் கந்தூரியிலும் பொலித்தீன் குவிகிறது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று 8 ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. பிள்ளையாருக்கு மோதகம் படைக்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காரும் ஒரு சொல் சொன்னால் போதும். அதற்குப் பதாகையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். வாழையிலைக்கும் கழுவும் தட்டுக்கும் உபயகாரரைப் பிடிப்பது இங்கே கஷ்டமே இல்லை.

கூட்டத்தை வெள்ளி மதியமோ ஞாயிறு காலையோ வைத்துவிட்டு "அவர்கள் வரவில்லை" என்று சொல்வதும் வழக்கம். வேறு நாளில், மார்கழியில், வாவிக்கரையிலேயே கூடுங்கள். போகும்போது ஒரு கட்டுக் கம்பு கொண்டுபோய், தண்ணீர் ஏறிய இடத்தில் ஊன்றிவிட்டு வாருங்கள். ஜூனில் தேவைப்படும்.