கொல்லிமலையின் 70 வளைவுகளை ஃப்ரிட்ஜ் மேக்னட்டில் ஏற்றுவது எப்படி?

கொல்லிமலைக்குப் போய் வந்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், அன்னாசி, மிளகு எல்லாம் பிறகுதான் வரும். முதலில் வாயில் வருவது "எழுபது வளைவு!" காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்ட பலகை நிற்கிறது. வண்டியில் பிள்ளைகள் இருந்தால் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். மலையை விற்க வேறு விளம்பரமே தேவையில்லை, அந்த எண் போதும்.

அந்த எண்ணை வைத்து 100 மி.மீ. உயரம், 60 மி.மீ. அகலத்தில், 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்வது) ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட் செய்வதுதான் இங்கே வேலை. வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள், வெட்டுவதற்குப் பக்கத்து ஊர் லேசர் கட்டிங் கடை, அச்சுக்கு ஸ்டிக்கர் கடை. சொந்த இயந்திரம் எதுவும் வேண்டாம்.

படி 1: சாலையின் அடையாளம் எது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு சாலைக்கு ஒரே அடையாளம். அருவி, கோயில், பலாப்பழம், வல்வில் ஓரி என்று எல்லாவற்றையும் ஒரே சின்னப் பலகையில் திணித்தால் அது திருவிழா ஃப்ளெக்ஸ் போலத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் ரூட் 66-ஐப் பாருங்கள். 1926-இல் எண் பெற்று, சிகாகோவிலிருந்து பிற்பாடு சாண்டா மோனிகா வரை நீண்ட நெடுஞ்சாலை. 1985-இல் அந்த எண்ணையே அரசு நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் கேடயத்துக்குள் 66 என்ற அந்த வடிவம் இன்னும் கோப்பையிலும் சட்டையிலும் விற்கிறது. ஸ்காட்லாந்தின் நார்த் கோஸ்ட் 500 இதற்கு நேர் எதிர். அங்கே சாலைகள் பழையவை, 2015-இல் வைத்த பெயர் மட்டும்தான் புதிது. சுமார் 516 மைல் சுற்றை 500 என்று முழுமையாக்கினார்கள், நாக்கில் ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்தில் எண்ணுக்குப் பஞ்சமில்லை. வால்பாறைக்கு 40, ஊட்டி - மசினகுடி கல்லட்டிச் சாலைக்கு 36, சேலம் - ஏற்காடு சாலைக்கு 20. தனுஷ்கோடிக்கு வளைவே கிடையாது. இருபுறமும் கடல், நடுவே நேர்கோடு, அரிச்சல்முனையில் அது நின்றுவிடுகிறது. அங்கே அந்த முடிவுதான் அடையாளம்.

எண்ணை அச்சுக்கு அனுப்பும் முன் சரிபாருங்கள். லடாக்கின் கார்டுங் லா கணவாயில் பலகை பல ஆண்டுகளாக 18,380 அடி என்றது. ஜிபிஎஸ் அளவீட்டில் வந்தது சுமார் 17,582 அடி. தவறான எண் தாங்கிய டி-சட்டைகள் அங்கே இன்னும் தொங்குகின்றன. கொல்லிமலைக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் உண்டு, அதில் 70 வளைவு கிடையாது. பின் அட்டையில் "காரவள்ளி வழி" என்று போட்டுவிட்டால் தகராறு வராது.

படி 2: கோட்டின் கணக்கு

பலரும் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாலையின் உண்மையான வரைபடக் கோட்டை எடுத்து 60 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கினால் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டி நூடுல்ஸ் மாதிரி ஆகிவிடும். ஆகவே சின்னப் பொருளுக்கு உண்மைக் கோடு வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் காப்பாற்றும் குறியீட்டுக் கோடு போதும். ஆனால் அந்த எண்ணிக்கை மட்டும் பிசகக் கூடாது. மலையில் எண்ணிக்கொண்டே வந்த பிள்ளை, வீட்டுக்குப் போய் மேக்னட்டிலும் விரல் வைத்து எண்ணும். 64 வந்தால் உங்கள் பொருள் அன்றைக்கே பொய்.

70 வளைவு என்றால் படுக்கைக் கோடுகள் 71. கோட்டின் தடிமன் 0.5 மி.மீ., இடைவெளி 0.5 மி.மீ. என்று வைத்தால் அடுத்தடுத்த கோடுகளுக்கு 1 மி.மீ. தூரம். மொத்த உயரம் 70.5 மி.மீ. மேலும் கீழும் 4 மி.மீ. ஓரம் விட்டால் 100 மி.மீ. பலகையில் எழுத்துக்கு 21.5 மி.மீ. மிஞ்சும். பலகையை 80 மி.மீ. ஆகக் குறைத்தால் எழுத்துக்கு 1.5 மி.மீ.தான், அதில் ஒன்றும் எழுத முடியாது. 100 மி.மீ. அளவு இந்தக் கணக்கில்தான் வந்தது.

இந்தக் கோட்டையே எம்டிஎஃப்பில் ஊடுருவ வெட்டலாமா என்று கேட்பார்கள். முடியாது. 3 மி.மீ. எம்டிஎஃப்பில் வெட்டுக்கு வெட்டு 1.5 முதல் 2 மி.மீ. மரமாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் எடுத்ததும் ஒடியும். 2 மி.மீ. தூரத்தில் 71 கோடு போட்டால் 14 செ.மீ. உயரம், அது சுவரில் மாட்டும் பொருளாகிவிடும். மேக்னட்டுக்கு அச்சுதான்.

படி 3: வரைதல்

இங்க்ஸ்கேப்பில் 60 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரத்தில் பக்கம் திறந்து, 1 மி.மீ. கிரிட் (கட்டக்கோடு) போட்டு, புள்ளிகளை அதில் ஒட்டவைக்கும் ஸ்நாப் வசதியை இயக்குங்கள். பென் கருவியால் கீழே இடமிருந்து வலமாக 50 மி.மீ. நீளத்துக்கு முதல் கோடு. அங்கிருந்து 1 மி.மீ. மேலே, பிறகு இடப்பக்கம், மறுபடி 1 மி.மீ. மேலே. இப்படியே போக வேண்டும். மேலே போகப் போகக் கோட்டின் நீளத்தைக் குறைத்து உச்சியில் 12 மி.மீ.க்குக் கொண்டு வாருங்கள். முடிந்ததும் வளைவுகளே ஒரு மலை உருவமாக நிற்கும். தனியாக மலைப் படம் வரைய வேண்டியதில்லை.

சரிபார்க்க இரண்டு வழி. வளைவு எண்ணிக்கை இரட்டைப்படையானால் கடைசிக் கோடும் முதல் கோடு போன திசையிலேயே போகும், அதாவது இங்கே வலப்பக்கம். இடப்பக்கம் போய் முடிந்தால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இரண்டே விட்டுப்போனால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும் என்பதால் அடுத்ததையும் செய்யுங்கள். நோட் கருவியை எடுத்து எல்லாப் புள்ளிகளையும் தேர்வு செய்தால் கீழ்ப்பட்டியில் எண்ணிக்கை தெரியும். 71 கோட்டுக்கு இரண்டிரண்டு முனை, 142 வர வேண்டும். வால்பாறைக்கு 41 கோடு, 82 புள்ளி.

எண்ணி முடித்த பிறகே முனைகளை உருட்டுங்கள். பாத் எஃபெக்ட்டில் கார்னர்ஸ் என்பதை எடுத்து 0.5 மி.மீ. ஆரம் கொடுத்தால் போதும். முதலிலேயே உருட்டிவிட்டு பாத்தாக மாற்றினால் புள்ளிகள் பெருகி, எண்ணுவது சிரமமாகிவிடும். ஒவ்வொரு பத்தாவது வளைவின் பக்கத்திலும் ஒரு சிறு புள்ளி வையுங்கள், எண்ணுகிறவருக்கு உதவியாக இருக்கும்.

ஏ4 போஸ்டரோ சுவர்ப் பலகையோ செய்வதானால் உண்மைக் கோட்டையே பயன்படுத்தலாம். கூகுள் மேப்பைத் திரையில் வைத்து இழுத்து விற்பதற்கு அதன் விதிகள் இடம் தராது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை எடுத்து, "ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்று ஓரத்தில் நன்றி போட்டால் விற்கலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்ததும் யூடிஎம் 44 வடக்கு என்ற அளவுமுறைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் கொல்லிமலைக்குப் பெரிய கோணல் தெரியாது, 11 டிகிரி அட்சரேகையில் வித்தியாசம் 2 சதவீதம்தான். ஸ்காட்லாந்துக்கு இப்படி மாற்றாமல் விட்டால் 58 டிகிரியில் படம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகிவிடும்.

படி 4: தமிழ் எழுத்து

"கொல்லிமலை" என்ற ஒரே சொல்லில் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. யூனிகோடில் தட்டிய கோப்பைப் பழைய மென்பொருள் உள்ள கடையில் திறந்தால் ககரத்தின் முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும், "லை"யின் இணைக்கொம்பும் அப்படியே. சில கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில்தான் தட்டுகிறார்கள், உங்கள் எழுத்து அங்கே பொடிப்பொடியாகிவிடும். தீர்வு சுலபம். எழுத்தைத் தேர்வு செய்து "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுங்கள், கடைக்காரர்கள் பேச்சில் "கர்வ்ஸா மாத்திக் கொடுங்க". அதன் பிறகு அது எழுத்தல்ல, வெறும் உருவம், எந்தக் கணினியிலும் குலையாது. பிழை திருத்தத் தோதாக, மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கவிவனார் போன்ற திறந்த உரிமம் உள்ளவற்றை எடுத்தால் வணிகப் பயன்பாட்டுக்குச் சிக்கலில்லை. 7 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். "ண"வின் சுழிகளும் "ஊ"வின் உள் எழுத்தும் மையால் அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போய் "ல்" வெறும் "ல" ஆகிவிடும். சின்ன எழுத்துக்கு நூறு சதவீதக் கறுப்பு மட்டும் போதும், நான்கு மையும் கலந்த கறுப்பு ஓரத்தில் நிழலடிக்கும்.

லேசரில் எழுத்தை ஊடுருவ வெட்டினால் "க"வின் நடு வட்டம் தனித்துண்டாகக் கீழே விழுந்துவிடும். வெட்டாமல் செதுக்கச் சொல்லுங்கள்.

படி 5: அச்சும் வெட்டும்

இரண்டு வழி உண்டு. மரத்தின் மேல் நேரடி யூவி அச்சு ஒன்று. அதில் வெள்ளை மையை அடியில் போடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எம்டிஎஃப்பின் பழுப்பு எல்லா நிறத்தையும் மங்கவைக்கும். மற்றொன்று, ஸ்டிக்கர் அச்சடித்து ஒட்டுவது. குறைந்த எண்ணிக்கைக்கு இதைத்தான் சொல்வேன், மாதிரி பார்ப்பதும் திருத்துவதும் எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வினைல் ஸ்டிக்கரை மரத்தில் ஒட்டிய பிறகு இரண்டையும் சேர்த்து லேசரில் கொடுக்காதீர்கள். வினைல் என்பது பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், மூச்சுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். மரத்தைத் தனியாக வெட்டி, ஸ்டிக்கரைச் சுற்றிலும் 1 மி.மீ. சிறிதாகத் தனியாக வெட்டி ஒட்டுங்கள். ஓரத்தில் தெரியும் அந்த மெல்லிய மரக்கோடு பார்க்கவும் அழகுதான்.

கோப்பில் நிறம் அச்சின் ஓரம் வரை போகிறதென்றால் வெளியே 3 மி.மீ. கூடுதலாக நீட்டிவிடுங்கள். ஸ்டிக்கரின் முனைகளை 3 மி.மீ. ஆரத்தில் உருட்டுங்கள், கூர்முனைதான் முதலில் உரியும். ஈக்கோ சால்வெண்ட் மையில் (கரைப்பான் கலந்த மை) அடித்தால் லேமினேஷனுக்கு முன் 24 மணி நேரம் காய விடச் சொல்லுங்கள். அவசரத்தில் உடனே லேமினேட் செய்தால் உள்ளே தங்கிய கரைப்பான் பசையை இளக்கி, ஒரு வாரத்தில் ஓரங்கள் சுருளும். "ஒட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெட்டும் முன் எம்டிஎஃப் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னால் புகைக்கறை முகத்தில் படியாது.

படி 6: காந்தம்

18 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள ஃபெரைட் வட்டு இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. ஒன்று மட்டும் வைத்தால் ஃப்ரிட்ஜ் கதவை அறைந்து சாத்தும்போது மேக்னட் சுழன்று சாயும்.  நியோடிமியம் சின்னதாகவும் வலுவாகவும் இருக்கும். ஆனால் அது கழன்று, குழந்தை இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். குடும்பமாக வருகிறவர்கள் வாங்கும் பொருள் என்பதால் அது வேண்டாம்.

ஒட்டுவதற்கு இரண்டு பகுதி எபாக்சி. ஃபெவிக்விக் வகை பசை உடனே பிடிக்கும், கீழே விழுந்தால் உடனே விடவும் விடும். காந்தத்தின் முகத்தை 120 எண் உப்புத்தாளில் நான்கு தேய் தேய்த்துத் தூளைத் துடைத்த பிறகு ஒட்டி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிறகு இடுப்புயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் மூன்று தடவை போட்டுப் பாருங்கள். காந்தம் நிற்க வேண்டும்.

படி 7: அட்டை, விலை, கடை

பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, மலையில் அது குப்பையாகவும் சேரும். 300 ஜிஎஸ்எம் அட்டையில் இரண்டு கீறல் போட்டு மேக்னட்டைச் செருகினால் போதும். அட்டையின் பின்னால் வழி, வளைவு எண்ணிக்கை, செய்த ஊர் என்று மூன்று வரி.

விலையில் ஒரு கணக்குப் பிழை எல்லோருக்கும் வரும். உங்கள் கைக்கு 45 ரூபாய் வர வேண்டும், கடைக்காரர் விற்பனை விலையில் 40 சதவீதம் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். 45-உடன் 40 சதவீதம் கூட்டி 63 என்று போட்டால், அவர் 25.20 எடுத்தது போக உங்களுக்கு 37.80தான். சரியான கணக்கு 45-ஐ 0.6-ஆல் வகுப்பது, விலை 75. உடைந்தது, அச்சில் போனது என்று பத்துக்கு ஒன்று கழியும், அதையும் அந்த 45-க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை 50-க்கு மேல் செய்யாதீர்கள். மலை ஏறுகிறவரை விட இறங்கப்போகிறவர்தான் வாங்குவார், எழுபதையும் கடந்த பெருமை அப்போதுதான் கையில் இருக்கும். ஆகவே மேலே சாப்பாட்டுக்கடை, மிளகு - காபிக்கொட்டை விற்கும் கடை, தங்கும் விடுதியின் கல்லாமேசை ஆகியவை நல்ல இடம்.

இதே கோட்டை பைக்குக்கான ஸ்டிக்கராகவும் அடிப்பதாக இருந்தால் பின்தாளில் ஒரு வரி சேருங்கள்: "வண்டியில் ஒட்டுங்கள், வளைவுப் பலகையில் வேண்டாம்." பலகை எண் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அங்கே எண்ணிக்கை தவறிவிடும்.