மாவுக்கட்டுக் காலத்து ஓவியம்: வண்ணத்தாள் வெட்டி ஒட்டுவது எப்படி?

கணுக்கால் முறிந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தபோதுதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் தொலைக்காட்சியோடு போயிற்று. இரண்டாம் வாரம் பார்க்க வந்தவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன். பொறுத்துப் பார்த்த என் தங்கை, ஒரு நாள் போஸ்டர் கலர் புட்டிகளையும் பத்து வரைதாள்களையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தால் இதில் பூசு, அக்கா" என்றாள்.

எனக்கு வரைய வராது. பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மயிலை, நல்ல கோழி என்று ஆசிரியை பாராட்டியிருக்கிறார். ஆகவே வரைய வராதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த முறையில் எனக்கு வழிகாட்டி பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். சட்டம் படித்து வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். 20 வயதில் குடல்வால் நோயால் படுத்தபோது, பொழுது போவதற்காக அவருடைய அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். சட்டம் அத்தோடு போயிற்று. 1941இல், 71 வயதில், லியோன் நகரில் குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தார், ஆனால் நெடுநேரம் நின்று தூரிகை பிடிக்க முடியவில்லை. கட்டிலும் சக்கர நாற்காலியுமாக இருந்தபடி, உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினார். 1954இல் இறக்கும்வரை கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

நோயாளிக்கு இந்த வேலை ஏன் ஒத்துவருகிறது என்பது செய்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பூசுவது ஒரு நாள், வெட்டுவது இன்னொரு நாள், அடுக்குவது வேறொரு நாள். வலி கூடிய நாளில் ஒரே ஒரு தாளில் மஞ்சள் பூசிவிட்டுத் தூங்கலாம், அதுவும் வேலையில் சேர்ந்துவிடும். எலும்பு மாவுக்கட்டால்தான் கூடியது, வண்ணத்தால் கூடவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் "இன்று என்ன நிறம்?" என்று யோசிக்க ஆரம்பித்த பிறகு, வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

வேண்டியவை

கொஞ்சம் கெட்டியான வரைதாள், போஸ்டர் கலரில் ஐந்தாறு நிறம், ஓர் அங்குல அகலத் தட்டைத் தூரிகை, கூரான கத்தரிக்கோல், குண்டூசி, வெள்ளைப் பசை, ஒரு தெர்மாகோல் பலகை, படத்தை ஒட்ட ஒரு தடித்த அட்டை. விலை கூடிய வண்ணம் வேண்டாம்.

முதலில் பூசுங்கள், படத்தை நினைக்காதீர்கள்

ஒரு தாளுக்கு ஒரு நிறம். வண்ணம் தயிர்ப் பதத்தில் இருக்கட்டும், மோர்ப் பதத்துக்குப் போனால் தாள் நனைந்து ஊறிவிடும். முழுத் தாளையும் ஓரம் விடாமல் பூசுங்கள். தூரிகைத் தடம் தெரிந்தால் அழிக்க முயலாதீர்கள். பின்னால் இலையாகவோ மீனாகவோ வெட்டும்போது அந்தத் தடம்தான் அதற்கு உயிர் கொடுக்கும்.

காயும்போது தாள் சுருளும், பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும், பூசாத பின்பக்கத்தில் ஈரத் துணியால் லேசாக ஒற்றி, இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு வைத்தால் நிமிர்ந்துவிடும். நான் அவசரப்பட்டு ஈரம் காயாத சிவப்புத் தாளின் மேல் வீட்டின் பழைய அகராதியை வைத்தேன். அதன் பின்னட்டை இன்றும் சிவப்பு.

வெட்டுதல்

பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளாதீர்கள். கோடு இருந்தால் கண் அதை விட்டு நகராது, கை நடுங்கும். கத்தரிக்கோலின் வாயை அகலத் திறந்து, அடிப்பகுதியில் தாளைக் கொடுங்கள். நுனிவரை மூடாமல், முக்கால் பங்கு மூடியதும் மறுபடி திறந்து முன்னே தள்ளுங்கள். நுனிவரை மூடினால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பல் விழும். வளைவு வரும்போது கத்தரிக்கோல் பிடித்த கையை அசைக்காமல், இடது கையால் தாளைத் திருப்புங்கள். சப்பாத்தி மாவைத் திருப்பித் திருப்பித் தேய்க்கும் அதே சுழற்சிதான். பத்து இலை வெட்டுவதற்குள் கைக்கு வந்துவிடும்.

வெட்டியது போக மிஞ்சிய தாளைக் குப்பையில் போடாதீர்கள். இலை போன இடத்தில் இலை வடிவில் ஓர் ஓட்டை இருக்கும், அதுவும் ஒரு வடிவம்தான். மத்தீஸ் இரண்டையும் பயன்படுத்தினார்.

மற்ற பொருள்கள்

வெறும் வண்ணத்தாளே போதும். ஆனால் உங்கள் நாட்களின் தடயம் ஏதாவது உள்ளே இருந்தால் படம் உங்களுடையதாகிவிடும். ரவிக்கைத் துணுக்கு, கல்யாணப் பத்திரிகையின் ஜரிகைத் தாள், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் எல்லாம் ஒட்டும். நான் தினசரி நாட்காட்டியில் கட்டோடு இருந்த 42 நாட்களின் தாள்களைக் கிழித்துச் சேர்த்து இலைகளாக வெட்டினேன். ஓர் இலையில் "நல்ல நேரம்" என்ற சொல் முழுதாக விழுந்தது. இன்னொன்றில் "எமகண்டம்". அதை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நாட்காட்டித் தாள் மிக மெலிது, பசை பட்டதும் குழைந்துவிடும். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டிக் காயவைத்து, பிறகு வெட்டுங்கள்.

அடுக்குதல்: இங்கே அவசரம் ஆகாது

தெர்மாகோல் பலகையின் மேல் அட்டையின் அளவுக்கு ஒரு தாளை விரித்து, துண்டுகளைக் குண்டூசியால் குத்துங்கள். பலகையைக் கட்டிலின் கால்மாட்டில், படுத்தபடியே தெரியும்படி சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். மத்தீஸின் நீஸ் நகரத்து அறைச் சுவர்களில் துண்டுகள் இப்படித்தான் குண்டூசியில் நின்றன. அவர் கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ சொல்லச் சொல்ல உதவியாளர்கள் இடம் மாற்றினார்கள். அவருடைய மூலப் படங்களில் இன்றும் ஊசித் துளைகள் இருக்கின்றன. வான்ஸ் என்ற ஊரில் 1951இல் திறக்கப்பட்ட சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் தாள் வெட்டியே வடிவமைத்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் அவரைக் கவனித்துக்கொண்ட செவிலிப் பெண் பிற்பாடு கன்னியாஸ்திரி ஆனார். அந்தத் தொடர்பில் வந்த வேலை அது.

துண்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தால் இரண்டை எடுத்துவிடுங்கள். தொடக்கக்காரர்கள் எல்லோரும் படத்தை நிரப்பிவிடுகிறார்கள், நானும் நிரப்பினேன். மூன்று நாள் பார்த்தும் உறுத்தாத அடுக்கைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுதல்

இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர். துண்டின் பின்பக்கத்தில் மட்டும் மெலிதாகத் தடவி, அட்டையில் வைத்து, உலர்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். மேல்பக்கத்தில் பசை பட்டால் போஸ்டர் கலர் கரைந்து பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். கீழே கிடக்கும் பெரிய துண்டுகள் முதலில், மேலே வரும் சிறியவை பிறகு.

கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், இல்லையென்றால் நிறம் வெளுக்கும். என்னுடையது கூடத்தில் இருக்கிறது. எமகண்டம் இலையைக் கடைசியில் வலது கீழ்மூலையில், பச்சை மீனின் வயிற்றுக்குள் வைத்தேன். தங்கை இன்னும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.