மரை போன எஞ்சினில் செய்யக்கூடாத வேலைகள்

பைக்கில் ஆயில் மாற்றிவிட்டு, எஞ்சினின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை இறுக்கும்போது, நன்றாக இறுகிக்கொண்டே வந்தது திடீரென்று லேசாகி, போல்ட் சும்மா சுற்ற ஆரம்பிக்கும். உடனே கடைக்கு ஓடிப் புது போல்ட் வாங்கிப் போடுவது பலருடைய வழக்கம். பெரும்பாலும் அது வீண்செலவுதான். எஞ்சின் கேஸ் அலுமினியம், போல்ட் எஃகு. மரை போவது கேஸில். கழற்றிய போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது கேஸிலிருந்து பிய்ந்து வந்த அலுமினியம்.

அப்புறம் டெஃப்லான் டேப், எம்-சீல் வைத்தியம். இதெல்லாம் கசிவை நான்கு நாள் மறைக்கும், பிடிமானம் தராது. வேலூருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஆம்பூர் வரை ஹைவேயில் அடித்து ஓட்டினால், சூட்டிலும் அதிர்விலும் போல்ட் கழன்று ஆயில் முழுக்க ரோட்டில் போய்விடும். பின்சக்கரத்தில் ஆயில் பட்டால் வண்டி வழுக்கும், கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் ஜாம் ஆகும். தள்ளிப்போடுகிற வேலை இல்லை இது.

"அண்ணே, அடுத்த சைஸ் போல்ட் போட்டுடலாம்" என்று பட்டறையில் சொல்வார்கள். டிரெயின் போல்ட்டில் இது ஓரளவுக்கு ஓடும். ஆனால் அடுத்த முறையும் மரை போனால் வெட்டுவதற்குச் சுற்றிலும் உலோகம் மிஞ்சாது. கிளட்ச் கவரின் 6 மி.மீ. போல்ட்டை 8 ஆக்கினாலோ ஓரச்சுவர் மெலிந்து விரிசல் விடலாம், கவரின் துளையையும் பெரிதாக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதல் முறையே ஹெலிகாயில் போட்டுவிடுவது நல்லது. அது, போன மரையைத் துளைத்து எடுத்துப் புது மரை வெட்டி உள்ளே இறக்குகிற எஃகுக் கம்பிச்சுருள். பழைய சைஸ் போல்ட்டே திரும்பப் பொருந்தும், அலுமினிய மரையைவிடத் தேய்மானமும் குறைவு.

அதிலும் சொதப்ப இடம் உண்டு. 6 மி.மீ. போல்ட்டுக்கான ஹெலிகாயிலுக்கு 6.3 மி.மீ. துளை போட வேண்டும். கையில் இருப்பது 6.5 பிட் என்று அதை விட்டால் மரை ஆழமாக விழாது, சுருள் பிடிக்காது. மரை வெட்டும் கருவிக்கும் டேப் என்றுதான் பெயர். சாதாரண 6 மி.மீ. டேப் இதற்கு ஆகாது, ஹெலிகாயில் செட்டோடு வருகிற டேப்தான் வேண்டும். டேப்பை ஒரே மூச்சில் திருகாமல், அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போங்கள். மறுபக்கம் திறக்காத அடைப்புத் துளையாக இருந்தால் பிட்டில் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருளின் மேல் முனை துளை வாயிலிருந்து கால் சுற்றாவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அடியிலிருக்கும் குறுக்குக் கம்பியை உடைத்தபின் வெளியே எடுக்க மறக்காதீர்கள். டிரெயின் துளையில் அதைத் தட்டி உடைத்தால் நேராக எஞ்சினுக்குள் விழும், நீள மூக்குக் குறடால் பிடித்து ஆட்டி ஒடித்து எடுங்கள்.

மரை வெட்டும்போது உதிர்கிற தூளைக் காந்தத்தால் எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் தூள் அதில் சேரும். மிச்சத்துக்கு, மேலிருந்து கொஞ்சம் மலிவான ஆயில் ஊற்றி டிரெயின் வழியே கழுவிவிடுங்கள். ஸ்பார்க் பிளக் துளை என்றால் ஹெட்டைக் கழற்றிச் செய்வதுதான் நிம்மதி. கேஸில் போல்ட் மாட்டுகிற காதே உடைந்துபோயிருந்தால் வீட்டில் முயற்சி வேண்டாம். ஆர்கான் வெல்டிங்கும் லேத்தும் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள்.

மரை போகிற காரணம் பாதிக்குப் பாதி கைதான். கவரின் 6 மி.மீ. போல்ட்டுக்கு பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். நீளமான டி ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினால் அது எப்போதோ தாண்டிவிடும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது என்பதும் பலர் கவனிக்காத விஷயம். நீளமானது போகிற துளையில் குட்டையைப் போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், இறுக்கும்போதே பிய்ந்துவிடும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே குத்தி வையுங்கள். மாட்டும்போது முதலில் கையால் இடப்பக்கமாகத் திருப்பினால் 'டக்' என்று ஒரு இறக்கம் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள், மரை குறுக்கே ஏறாது.