இமை மடிப்பு: குடும்ப ஜாடையா, நோயின் அடையாளமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழுவது ஜாடைப் பேச்சுதான். மூக்கு அப்பாவுக்கு, நெற்றி பாட்டிக்கு என்று பங்கு பிரித்து முடித்ததும், யாராவது ஒருவர் தொட்டிலருகே குனிந்து, "கண் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிடுவார். பெற்றவள் தூக்கம் அன்றோடு போயிற்று. பெரும்பாலும் அது தேவையற்ற கவலை. ஆனால் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடத்தில், "நம் வீட்டுக் கண்ணே இப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுவதும் உண்டு. அதிகச் சேதம் இந்த இரண்டாவது தவறால்தான்.

இமையில் இரண்டு மடிப்புகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்று, மேலிமையில் குறுக்காக ஓடும் கோடு. இமையைத் தூக்கும் தசையின் இழைகள் அங்கே தோலோடு பிணைந்திருப்பதால் கண் திறக்கும்போது தோல் உள்வாங்கி மடிகிறது. மற்றது, மூக்கோரத்தில் கண்ணின் உள்மூலையை மறைத்தபடி இறங்கும் தோல். கிழக்காசிய மக்கள் பலருக்கு இது வாழ்நாள் முழுவதும் இருக்கும் இயல்பு. நம் கைக்குழந்தைகள் பலரிடமும் காணலாம். மூக்குத் தண்டு எழும்ப எழும்ப மறைந்துவிடும்.

இந்த மூக்கோர மடிப்பைக் கண்டதும், வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் பிறவிக் கோளாறான டவுன் சிண்ட்ரோம் என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அக்கோளாறு உள்ள குழந்தைகள் பலருக்கு இம்மடிப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் மருத்துவர் மடிப்பைத் தனியாகப் பார்ப்பதில்லை. உடல் துவண்டிருக்கிறதா, கண்ணின் வெளிமூலை மேல்நோக்கி ஏறியிருக்கிறதா, உள்ளங்கையில் ஒற்றை ரேகையா, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைவெளி அதிகமா என்று சேர்த்துப் பார்ப்பார். அப்போதும் உறுதி செய்வது ரத்தத்தில் எடுக்கும் குரோமோசோம் பரிசோதனைதான். 1866இல் ஜான் லாங்டன் டவுன் முகத்தோற்றத்தை வைத்து இக்குழந்தைகளை வேறோர் இனத்தோடு ஒப்பிட்டு எழுதினார். 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்று 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை மருத்துவமே கைவிட்டுவிட்டது, நாமும் விடலாம்.

அதே மடிப்பு இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கும். மூக்குப் பக்கத்து வெள்ளைவிழியை அது மறைப்பதால் குழந்தைக்கு மாறுகண் போலத் தோன்றும். ஃபிளாஷ் போட்டு நேராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒளிப்புள்ளி இரண்டு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் தோற்றம் மட்டும்தான். புள்ளி இடம் மாறினாலோ, நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் விலகினாலோ கண் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். படத்தில் பாவை, அதாவது கருவிழியின் நடுவிலுள்ள கரும்புள்ளி, வெள்ளையாகப் பளபளத்தால் நாள் கடத்தவே கூடாது. விழித்திரைப் புற்றுநோய்க்கும் அதுவே அடையாளம்.

மேலிமைக் கோடு ஒரே மரபணுவால் வருகிறது, பெற்றோருக்கு இல்லாதது பிள்ளைக்கு வராது என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் அது. அதை வைத்து ஒரு பெண்ணைச் சந்தேகிப்பது அநியாயம்.

இனி, "அப்பாவுக்கும் அரைக்கண்தான்" என்ற சமாதானம். பிறவியிலேயே இமையைத் தூக்கும் தசை சரியாக வளராமல் போனால் இமை தொங்கும். தொங்கும் பக்கத்தில் மேலிமைக் கோடு மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். டிவி பார்க்கும்போது பிள்ளை முகவாயைத் தூக்கிக்கொள்கிறதா, புருவத்தை ஏற்றி நெற்றியைச் சுருக்குகிறதா என்று கவனியுங்கள். அது செல்லமோ அடமோ அல்ல, இமைக்குக் கீழே வழி தேடிப் பார்க்கிறது. இமை பாவையை மறைத்தால் அந்தக் கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் மூளைக்குப் போகாது. மூளை அதை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். இமை பாவையை மறைக்காவிட்டாலும் கருவிழியை அழுத்தி, பிம்பத்தை மங்கலாக்கும் சிலிண்டர் பவர் என்ற பார்வைக் குறையை உண்டாக்கி, அதே நிலைக்குக் கொண்டுபோகலாம். ஏழெட்டு வயதுக்கு மேல் பார்வையை மீட்பது கடினம். பாவை மறைந்திருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இல்லையென்றால் 3 முதல் 5 வயதுக்குள் செய்வது வழக்கம். பரம்பரை என்பதே கவலையில்லை என்பதற்குச் சான்றாகாது. இமை தொங்கி, கண் குறுகி, கீழிமையிலிருந்து மடிப்பு மேலேறும் ஒரு பிறவிக் குறைபாடு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. அதன் ஒரு வகையில் பெண்களுக்குச் சினைப்பை இளவயதிலேயே செயலிழக்கும். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்கிவருகிறது. இவ்வளவு அருகில் உதவி இருக்க, எண்ணெய் தடவி நீவினால் இமை எழும்பும் என்று ஆண்டுகளைக் கழிப்பது பிள்ளையின் பார்வையைப் பறிப்பதாகும். கண்மையும் இமையைத் தூக்காது. சில வகை மையில் ஈயம் வேறு கலந்திருக்கும்.

பெரியவர்களுக்குப் புதிதாக இமை இறங்கினால் வயதின் மேல் பழி போட்டுவிடுகிறோம். வயதாலும் நேரும், தசைநாண் தளர்ந்து, கோடு முன்பைவிட மேலே ஏறி நிற்கும். எப்போது தொடங்கியது என்று அறியப் பழைய அடையாள அட்டையையும் கல்யாண ஆல்பத்தையும் கையோடு கொண்டுபோங்கள், மருத்துவருக்கு அவை மிகவும் உதவும். காலையில் நன்றாக இருந்து மாலையில் தொங்கினால் மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோயா என்று பார்ப்பார்கள். திடீரென்று ஒரு பக்க இமை இறங்கி, அந்தக் கண்ணின் பாவை விரிந்து, கடும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்தால், மூளை ரத்தக்குழாய் புடைத்து நரம்பை அழுத்துகிறதோ என்று அஞ்ச வேண்டும். கண் மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள். 108ஐ அழைத்து, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள்.