பாடக் காணொளி செய்யும் மாணவர்களுக்கு: முதலில் எழுத்து, பிறகு படம்

கணினி அறிவியல் பாடங்களுக்குக் காணொளி செய்துதரும் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறதா? மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் நீங்கள் பேசுவது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிப் பாடங்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, குமிழி வரிசையாக்கத்தை (bubble sort) எடுத்துக்கொள்ளுங்கள்; அடுத்தடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு, பெரியது முன்னால் இருந்தால் இடம் மாற்றி வரிசைப்படுத்தும் முறை இது. 5, 1, 4, 2 என்ற நான்கே எண்கள் போதும். 5-ஐயும் 1-ஐயும் ஒப்பிடும்போது அந்த இரண்டு கட்டங்கள் மட்டும் நிறம் மாறட்டும்; இடம் மாறியதும் ஒரு நொடி நிறுத்துங்கள். மூன்று ஒப்பீடுகளில் 1, 4, 2, 5 என்றாகி, 5 கடைசிக்குப் போய்ச் சேர்வதை மாணவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அந்த ஒரு நொடி அமைதியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். பாடம் மனதில் பதிவது அங்கேதான்.

திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ, குரலுக்கு ஆடாசிட்டி, இரண்டும் இலவசம். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு அசைபடம் செய்ய மானிம் என்ற நிரல்தொகுப்பு அருமையான துணை. குரலைத் தனிக் கோப்பாகவே வைத்திருங்கள்; ஆசிரியர் ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னால் அந்த வரியை மட்டும் மீண்டும் பேசினால் போதும். நிரலின் எழுத்துகள் கைப்பேசித் திரையிலும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.