மணற்கேணியும் சிவப்பு மையும்: வாசிப்பு, எழுத்து வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு.’

இந்த 396ஆம் குறளைப் பல ஆண்டுகள் தவறாக நடத்தியிருக்கிறேன். சொன்ன பொருள் சரிதான், நடத்திய முறைதான் தவறு. கரும்பலகையில் எழுதிய கையோடு, “மணலில் தோண்டத் தோண்ட நீர் ஊறும், கற்கக் கற்க அறிவு ஊறும்” என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், ஒப்பிப்பார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். குறளுக்குள் ஒருவரும் இறங்கியிருக்க மாட்டார்கள்.

பொருளை முந்திச் சொல்லிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதுவும் நம் ராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் குறளுக்கு அப்படிச் செய்யவே கூடாது. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

இப்போது குறளை எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். மூன்று முறை வாசிக்கட்டும். பிறகு, “தொட்ட என்றால் என்ன?” என்று கேட்பேன். “கையால தொட்டது” என்பார்கள். தவறு என்று சொல்வதில்லை. அந்தப் பொருளை வைத்தே அடியை வாசிக்கச் சொல்வேன். தொட்டால் கேணி ஊறுமா? ஊறாது என்று அவர்களே சொல்வார்கள். அப்போதுதான் ‘தோண்டிய’ என்ற பழைய பொருளுக்கு இடம் பிறக்கிறது. ‘அனைத்து’ என்பதை ‘எல்லாம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது ‘அந்த அளவு’. தோண்டிய அளவு ஊறும். இந்த இரண்டு சொற்களுக்கே அரை மணி நேரம் போய்விடும், போகட்டும்.

அடுத்து, “கேணி என்றாலே போதுமே, ஏன் மணற்கேணி?” என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து, “மண்ணு சரிஞ்சு மூடிரும் டீச்சர், மறுநாளும் தோண்டணும்” என்றாள். கற்றதும் அப்படித்தான் மூடிக்கொள்ளும் என்று மற்றவர்கள் தொடர்ந்தார்கள். நான் வாசித்த எந்த உரையிலும் இல்லாத விளக்கம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் மறுத்தான்: “ரொம்பத் தோண்டுனா உப்புத்தண்ணி வந்துரும்.” அவன் சொன்னது உண்மை. கரையோர மணலில் மழைநீர் மெல்லிய படலமாக உப்புநீருக்கு மேலே நிற்கிறது, ஆழம் போனால் கரிக்கும். இந்த இடத்தில் இரண்டு தவறுகள் நேரலாம். “அதிகப் பிரசங்கி, உட்கார்” என்பது ஒன்று. “அருமை” என்று பாராட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது மற்றொன்று. இரண்டாவது தவறை நல்ல ஆசிரியர்களே செய்துவிடுகிறார்கள். “நீ சொல்வது குறளில் எந்தச் சொல்லில் இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். தேடிப் பார்த்தான், இல்லை. வரியில் இருப்பது எது, நாம் அறிந்து கொண்டுவருவது எது என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது.

இதற்கு நீளமான பாடம் எடுக்காதீர்கள். இரண்டடியோ ஒரு பத்தியோ போதும். கைடைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

இனி எழுத்து. தினமும் எழுதவைக்கிறோம் என்று சொல்லும் பல வகுப்புகளில் நடப்பது பார்த்து எழுதுதல். கையெழுத்து அழகாகும், ஆனால் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வராது. தலைப்பும் பெரும்பாலும் ‘நான் சென்ற சுற்றுலா’தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்க, வீட்டில் வருமானம் இல்லாமல் கோடை விடுமுறையைக் கழித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் சுற்றுலாவைக் கேட்டால் அவன் கற்பனையாக ஊட்டிக்குப் போவான். “இன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் என்ன பார்த்தாய்? ஐந்து வரி” என்று கேளுங்கள்.

அந்த ஐந்து வரியில் சிவப்பு மை என்ன செய்யும் என்பதற்கு என் கையே சாட்சி. ஒருவன், “கச்சான் அடிச்சிச்சு, அப்பா போகல” என்று எழுதியிருந்தான். அதை அடித்து, “காற்று வீசியதால் அப்பா கடலுக்குச் செல்லவில்லை” என்று திருத்தினேன். பிறகுதான் உறைத்தது. மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல். அவன் திசையோடு எழுதியதை நான் வெறும் காற்றாக்கிவிட்டேன். மறுநாள் அவன் எழுதியது இரண்டே வரி. எந்த வட்டாரச் சொல்லும் இல்லை, எந்தப் பிழையும் இல்லை.

பிழை திருத்தவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘அடித்தது’ என்ற எழுத்துவழக்கும் அவனுக்குத் தெரிய வேண்டும், ல-ள-ழ, ர-ற வேறுபாடும் தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அதை மட்டும் பென்சிலால் சுழித்துக் காட்டுங்கள். மிச்ச நாட்களில் வாசித்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள். “அப்பா போகாத அன்றைக்கு என்ன செய்தார்?” என்று கேட்டால் மறுநாள் பத்து வரி வரும்.

தினமும் எல்லா நோட்டையும் வாசிக்க முயன்றால் இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுவோம். நாற்பது பிள்ளைகள் என்றால் நாளுக்கு எட்டு நோட்டு. வாரத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும்.

கடைசித் தவறு, பிள்ளை எழுதியதை அந்தப் பிள்ளையிடம் சம்மதம் கேட்காமல் வகுப்பில் உரக்க வாசிப்பது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டவர்களின் வீடுகள் நம் வகுப்புகளில் உண்டு. என் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பக்கத்தின் மூலையை மடித்திருந்தால் அது எனக்கு மட்டும். அதில் கவலைப்பட வேண்டிய செய்தி இருந்தால் மதிய உணவுக்குப் பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுகிறேன். அந்தப் பக்கத்தில் பென்சில்கூடப் படுவதில்லை.